இணையக் குழுமங்களில் நற்பெயர்ப் புள்ளி முறைமை

நற்பெயர்ப் புள்ளி முறைமை என்பது, இணையத்தில் கூடி உரையாடும் ஒரு குழுமத்தில் ஒருவர் இதுவரை எழுதியவற்றைப் பிறர் எவ்வாறு மதித்தனர் என்பதைக் கணக்கிட்டு, அதை ஓர் எண்ணாகவோ படிநிலையாகவோ காட்டும் ஏற்பாடு ஆகும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பயனர் பெயருக்குக் கீழே தெரியும் எண், ரெடிட் தளத்தின் கர்மா, டிஸ்கோர்ஸ் மென்பொருளின் நம்பிக்கை நிலைகள் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

ஊரில் ஒருவரை நம்பலாமா என்று அறிய அக்கம்பக்கத்தில் விசாரித்தால் போதும். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் எழுதும் இடத்தில் அப்படி விசாரிக்க வழியில்லை. அந்த விசாரணையைக் கணினியிடம் ஒப்படைப்பதே இம்முறைமையின் நோக்கம். எனினும் நடைமுறையில் அந்த ஒரே எண்ணின் மீது மூன்று வேலைகள் சுமத்தப்படுகின்றன. எதை முதலில் படிக்கலாம் என்று வாசகருக்குக் காட்டுவது ஒன்று. யாருக்கு எந்த அதிகாரத்தை வழங்கலாம் என்று முடிவு செய்வது மற்றொன்று. எழுதுபவரை மேலும் எழுதத் தூண்டுவது மூன்றாவது. முறைமைகளில் எழும் அநீதிகளில் பெரும்பாலானவை இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதால் உண்டாகின்றன. நன்றாகப் பதில் எழுதுபவர் பிறர் எழுத்தை நடுநிலையோடு தீர்ப்பவராகவும் இருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆனால் புள்ளி அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.

தொடக்கம்: ஈபே

இணையத்தில் நற்பெயரைப் பெரிய அளவில் எண்ணாக்கிய முதல் தளங்களுள் ஒன்று ஈபே. 1995 இல் தொடங்கிய இந்த ஏலத் தளம், 1996 இல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் கருத்துரை இடும் வசதியைக் கொண்டுவந்தது. நல்ல அனுபவத்திற்கு +1, நடுநிலைக்கு 0, மோசமானதற்கு −1. இது உரையாடல் குழுமம் அன்று, சந்தை. ஆயினும் பின்னால் வந்த எல்லோருக்கும் இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைத்தன.

முதலாவது, நற்பெயருக்கு உண்மையிலேயே விலை உண்டு. பால் ரெஸ்னிக் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைப் பழைய அஞ்சலட்டைகள் நெடுங்காலப் பெயர் பெற்ற கணக்கின் வழியாகவும் புதிய கணக்குகளின் வழியாகவும் விற்கப்பட்டன. பெயர் பெற்ற கணக்கிற்கு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் விலை கிடைத்தது. பொருள் ஒன்று, விற்றவரும் ஒருவரே, மாறியது பெயர் மட்டும்.

இரண்டாவது, இரு தரப்பும் ஒருவரையொருவர் மதிப்பிட்டால் அச்சம் நுழைந்துவிடும். மோசமான விற்பனையாளரைப் பற்றி உண்மையை எழுதினால் அவர் பதிலுக்கு நம் கணக்கில் −1 இடுவார் என்று அஞ்சி, வாங்கியவர்கள் வாய் மூடி இருந்தனர். எனவே 2008 இல் விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு எதிர்மறை மதிப்பீடு இடுவதை ஈபே நிறுத்தியது. விற்பவர்கள் இதை ஒருதலைப்பட்சம் என்றனர். அந்தக் குறையிலும் நியாயம் இருந்தது.

ஸ்லாஷ்டாட்: சீட்டுக் குலுக்கிய நடுவர்கள்

1997 இல் ராப் மால்டா தொடங்கிய ஸ்லாஷ்டாட், தொழில்நுட்பச் செய்திகளைப் பற்றி விவாதிக்கும் தளம். முதலில் மறுமொழிகளை மால்டாவே பார்த்து ஒழுங்குபடுத்தினார். கூட்டம் பெருகியதும் 25 பேரைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் போதாமல் 400 பேராக்கினார். அதன்பின் வந்த ஏற்பாடுதான் இன்றளவும் படித்துப் பயன்பெறத் தக்கது: நடுவர் பதவியை எவருக்கும் நிலையாகக் கொடுக்காமல், தகுதியுள்ள சாதாரண வாசகர்களுக்குச் சுழற்சி முறையில் தற்காலிகமாக வழங்குவது.

அதன் செயற்பாடு இவ்வாறு அமைந்தது. தளத்தை நெடுநாள் படித்து வருபவர், நல்ல பெயர் உள்ளவர், அடிக்கடி பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வெறியரும் அல்லர், எப்போதாவது எட்டிப் பார்ப்பவரும் அல்லர் என்ற நடுத்தர வாசகர்களிலிருந்து கணினி சிலரைத் தேர்ந்தெடுக்கும். அவர்களுக்கு 5 நடுவர் புள்ளிகள் கிடைக்கும். ஒரு மறுமொழியை ஏற்றவோ இறக்கவோ ஒரு புள்ளி செலவாகும். மூன்று நாளில் பயன்படுத்தாவிட்டால் மீதி காலாவதியாகும். எந்த விவாதத்தில் ஒருவர் நடுவராக இருக்கிறாரோ அதில் அவர் மறுமொழி எழுத முடியாது. வாதியே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற பழைய நெறி இங்கே மென்பொருளில் எழுதப்பட்டது.

மறுமொழியின் மதிப்பு −1 முதல் 5 வரை மட்டுமே செல்லும். எத்தனை ஆயிரம் பேருக்குப் பிடித்தாலும் 5க்கு மேல் ஏறாது. இந்த உச்சவரம்பு எளிய விதிதான், ஆனால் புகழ் வெள்ளமாகப் பெருகுவதை அது தடுத்தது. பெயர் மறைத்து எழுதுவோரின் மறுமொழி 0 இலும், கணக்கு உள்ளவருடையது 1 இலும், நற்பெயர் பெற்றவருடையது 2 இலும் தொடங்கும். வாசகர் தமக்கு வேண்டிய அளவை அமைத்துக்கொண்டு அதற்கு மேலுள்ளவற்றை மட்டும் படிக்கலாம். எதுவும் அழிக்கப்படுவதில்லை.

வாக்கிடும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு சிறப்பு. ஆழமானது, தகவல் தருவது, வேடிக்கையானது, பொருளுக்குப் புறம்பானது, வம்பிழுப்பது என ஒரு பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர வேண்டும். வேடிக்கை என்ற குறி மறுமொழியை மேலே ஏற்றும், ஆனால் எழுதியவரின் கர்மாவைக் கூட்டாது. நகைச்சுவையைப் படிக்க எல்லோருக்கும் பிடிக்கும், அதற்காக நகைச்சுவையாளருக்கு அதிகாரம் தர வேண்டியதில்லை என்ற எண்ணம். முன்னே சொன்ன மூன்று வேலைகளைப் பிரித்துவைத்த அருமையான விதி இது.

நடுவர்களை யார் கண்காணிப்பது? 1999 இல் மேல்நடுவம் என்ற அடுக்கு சேர்க்கப்பட்டது. வேறு உறுப்பினர்களிடம் சில தீர்ப்புகளை, தீர்த்தவர் பெயரை மறைத்துக் காட்டி, இது நியாயமா அநியாயமா என்று கேட்கப்பட்டது. தொடர்ந்து அநியாயம் என்று பெயர் வாங்கியவருக்கு நடுவர் வாய்ப்புக் குறையும்.

கர்மா தொடக்கத்தில் எண்ணாகக் காட்டப்பட்டது. அந்த எண்ணை ஏற்றுவதையே பலர் விளையாட்டாக்கிக்கொண்டனர். பின்னர் அதற்கும் 50 என்று வரம்பு வைத்து, எண்ணை மறைத்து, மோசம், நடுநிலை, நன்று, மிக நன்று என்பன போன்ற சொற்களாக மாற்றினர். (வினைப்பயன் அடுத்த பிறவியில் வரும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கர்மாவை அன்று மாலையே திரையில் பார்ப்பது விந்தைதான்.)

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டிலும் ஓட்டை இருந்தது. கிளிஃப் லாம்ப், பால் ரெஸ்னிக் இருவரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல மறுமொழிகளைக் கண்டெடுக்க நெடுநேரம் ஆகிறது என்றும், தாமதமாக வந்தவை, பிறருக்குப் பதிலாக எழுதப்பட்டவை, குறைந்த மதிப்பில் தொடங்கியவை ஆகியவற்றுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றும் காட்டியது. தீர்ப்பு தவறாக இருந்ததைவிட, தீர்ப்பே கிடைக்காமல் போனது பெரிய அநீதியாக இருந்தது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: புள்ளியே அதிகாரம்

ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008 இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, நிரலாளர்களுக்கான வினா விடைத் தளம். இங்கே எண் மறைக்கப்படவில்லை, அதுவே தளத்தின் நடுநாயகம். விடைக்கு ஒரு ஆதரவு வாக்கு கிடைத்தால் 10 புள்ளி, கேட்டவர் அந்த விடையை ஏற்றுக்கொண்டால் 15. எதிர்வாக்கு வந்தால் 2 குறையும். ஒரு விடைக்கு எதிர்வாக்கு இடுபவரும் தம் கணக்கிலிருந்து 1 புள்ளியை இழக்க வேண்டும். சும்மா கோபத்தில் கல்லெறிவதை இது ஓரளவு தடுக்கிறது. வாக்குகளால் ஒரு நாளில் 200 புள்ளிக்கு மேல் சேர்க்க முடியாது.

புள்ளி ஏற ஏற அதிகாரம் திறக்கும். 15 இல் ஆதரவு வாக்கிடலாம், 50 இல் பிறர் இடுகைகளில் கருத்திடலாம், 125 இல் எதிர்வாக்கிடலாம், 2000 இல் பிறர் எழுத்தை நேரடியாகத் திருத்தலாம், 3000 இல் ஒரு வினாவை மூடுவதற்கு வாக்களிக்கலாம். ஊதியம் பெறாத ஒரு பெருங்கூட்டம் தளத்தைத் தானே நிர்வகிக்க இது வழிசெய்தது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

அநீதி எங்கே வருகிறது என்றால், எளிய வினாக்களில். பல இலட்சம் பேருக்கு வரும் ஒரு சிறிய ஐயத்துக்கு முதல் ஆளாக நான்கு வரி எழுதியவருக்கு ஆண்டுக்கணக்கில் வாக்கு வந்துகொண்டே இருக்கும். உலகில் சில நூறு பேருக்கே தேவைப்படும் கடினமான சிக்கலை மூன்று நாள் உட்கார்ந்து தீர்த்தவருக்கு நான்கு வாக்கு கிடைத்தால் பெரிது. புள்ளி அளப்பது உழைப்பையும் அன்று, அறிவையும் அன்று. எத்தனை பேர் அவ்வழியே நடந்து போனார்கள் என்பதையே பெரும்பாலும் அளக்கிறது. முந்தி வந்தவருக்கு எளிய வினாக்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. பிந்தி வந்தவருக்கு அவை ஏற்கெனவே கேட்கப்பட்டவை என்று மூடப்படும்.

கேள்விக்கு எவ்வளவு மதிப்பு என்பதிலும் தளம் தடுமாறியது. முதலில் கேள்விக்கும் விடைக்கும் வாக்கொன்றுக்கு 10 புள்ளி. 2010 இல் கேள்விக்கு 5 ஆகக் குறைத்தனர். 2019 இல் மீண்டும் 10 ஆக்கினர். பழைய கணக்குகளும் மறுபடி கூட்டப்பட்டு, ஒரே இரவில் பலரின் எண் மாறியது. நல்ல கேள்வி கேட்பது நல்ல விடைக்கு நிகரா என்பது கல்வியில் பழைய வழக்கு. வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் அந்தக் கேள்வியால் நாற்பது பேர் தெளிவு பெறுவர். 10 என்ற முடிவே சரி என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

50 புள்ளி இல்லாதவர் பிறர் இடுகையில் விளக்கம் கேட்டுக் கருத்திட முடியாது. எரிதத்தைத் தடுக்க வைத்த விதி அது. ஆனால் புதியவர், 'இந்த வரி எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக்கூட வழியில்லாமல், அதையே ஒரு விடையாக எழுதிவிட்டு எதிர்வாக்கு வாங்குவது வழக்கமானது. தளம் புதியவர்களையும், பெண்களையும், விளிம்பில் உள்ள பிறரையும் வரவேற்பதாக இல்லை என்று 2018 இல் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

முதல் வாக்கின் ஆற்றல்

வாக்குகள் ஒன்றையொன்று சாராத தனித்தனி முடிவுகள் என்று எண்ணித்தான் அவற்றைக் கூட்டுகிறோம். லெவ் முச்னிக், சினான் ஆரல், சான் டெய்லர் ஆகியோர் 2013 இல் சயின்சு இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை உடைத்தது. ஒரு செய்தித் திரட்டுத் தளத்தில் ஐந்து மாதங்களில் இடப்பட்ட 1,01,281 மறுமொழிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் சிலவற்றுக்கு, எவை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, வெளியான உடனே ஒரு பொய்யான ஆதரவு வாக்கு சேர்க்கப்பட்டது. அதை அடுத்துப் பார்த்தவர் ஆதரவு வாக்கிடும் வாய்ப்பு 32 விழுக்காடு கூடியது. இறுதி மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. பொய்யான எதிர்வாக்கு பெற்றவையோ பிறர் இட்ட ஆதரவு வாக்குகளால் சமன்செய்யப்பட்டன. அதாவது கூட்டம் அநியாயமாகத் தாழ்த்தப்பட்டதைத் தூக்கிவிடும், அநியாயமாக உயர்த்தப்பட்டதை இறக்காது.

பத்து நண்பர்களை வைத்திருப்பவர் எழுதிய உடனே பத்து வாக்கு பெறுவதன் விளைவை இதிலிருந்து ஊகிக்கலாம். இதற்கு மருந்து, தொடக்கத்தில் மதிப்பைக் காட்டாமல் இருப்பது. ரெடிட்டின் உட்குழுமங்களில், மறுமொழியின் புள்ளியைக் குறிப்பிட்ட நேரம் வரை மறைத்துவைக்கும் வசதி மட்டுறுத்துநர்களுக்கு உண்டு. பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவர் பெயரைத் திருத்துபவருக்குக் காட்டாததற்கும் இதே காரணம்தான். எழுதியவரின் மொத்தப் புள்ளியையும் வாக்கிடும் வரை மறைத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான தளங்கள் இதைச் செய்வதில்லை. பெயரையும் புள்ளியையும் அருகருகே காட்டுகின்றன.

சராசரி ஏமாற்றும்

ஒரு மறுமொழிக்கு ஒரே ஒரு வாக்கு, அதுவும் ஆதரவு. மற்றொன்றுக்கு 100 வாக்கு, அதில் 90 ஆதரவு. விழுக்காட்டின்படி முதலாவது 100, இரண்டாவது 90. ஒற்றை வாக்கு வென்றுவிடும். ஆதரவிலிருந்து எதிர்ப்பைக் கழித்தால் போதுமே என்றால், பழைய மறுமொழி எப்போதும் புதியதை வெல்லும்.

இதற்கு எட்வின் வில்சன் என்ற புள்ளியியலாளர் 1927 இல் தந்த சூத்திரம் உதவுகிறது. கிடைத்த வாக்குகளை ஒரு மாதிரியாகக் கொண்டு, உண்மையான ஆதரவு விகிதம் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று கணிப்பது அதன் சாரம். 95 விழுக்காடு உறுதியோடு கணக்கிட்டால், ஒன்றுக்கு ஒன்று பெற்றதன் கீழெல்லை சுமார் 0.21. நான்குக்கு நான்கு பெற்றது 0.51. 100க்கு 90 பெற்றது 0.83. சான்று குறைவாக இருந்தால் மதிப்பும் அடங்கி நிற்கும், வாக்கு சேரச் சேர உயரும். ரெடிட் 2009 இல் மறுமொழிகளைச் 'சிறந்தவை' என வரிசைப்படுத்த இதனைக் கொண்டுவந்தது. ராண்டால் மன்றோ, ஆம், எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரங்களை வரைபவரேதான், அதைப் பரிந்துரைத்தார்.

சிறிய குழுமத்தில் இது முழுமையாக உதவாது. மொத்தமே பன்னிரண்டு பேர் வாக்கிடும் இடத்தில் எல்லா எண்ணும் தாழ்ந்தே நிற்கும், இரண்டு நண்பர்கள் வரிசையை மாற்றிவிடலாம். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் வலைப்பின்னலில் புதிய சிறிய தளங்களுக்கு அதிகார எல்லைகள் குறைத்து வைக்கப்படுவது இதனால்தான். தமிழ் விக்கிப்பீடியா உட்பட விக்கிப்பீடியாக்களில் நற்பெயர்ப் புள்ளியே கிடையாது. நிர்வாகி அணுக்கம் சமூகம் கூடிப் பேசி வழங்குவது. தொகுப்பு எண்ணிக்கை மட்டும் தெரியும். ஒரு காற்புள்ளி சேர்த்தாலும் ஒன்று, முழுக் கட்டுரை எழுதினாலும் ஒன்று. அந்த எண்ணைத் துரத்துவதை ஒரு நோய் என்று விக்கிப்பீடியர்களே கேலி செய்வர்.

போலிக் கணக்குகளும் புதியவர் செலுத்தும் வரியும்

ஒருவரே பல கணக்குகளை உருவாக்கித் தமக்குத் தாமே வாக்கிடுவதை சிபில் தாக்குதல் என்பர். ஜான் டூசர் 2002 இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இப்பெயரை நிலைநாட்டியது. மறுபுறம், பெயர் கெட்டவர் பழைய கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டு மறுநாள் புதிய பெயரில் வரலாம். ஆகவே புதிய கணக்கு ஒவ்வொன்றையும் ஐயத்தோடு பார்க்க வேண்டியதாகிறது. எரிக் ஃபிரீட்மன், ரெஸ்னிக் இருவரும் 2001 இல் இதை ஆராய்ந்து, மலிவான புனைபெயர்களுக்கான விலையை உண்மையான புதியவர்களே செலுத்துகின்றனர் என்று காட்டினர். ஏமாற்றுக்காரர் செய்த பாவத்துக்கு அப்பாவி வரி கட்டுகிறார்.

அந்த வரியை முற்றிலும் நீக்க முடியாது. குறைக்கலாம். 1999 இல் ராஃப் லீவியன் தொடங்கிய அட்வகாட்டோ என்ற கட்டற்ற மென்பொருளாளர் தளம், வாக்குகளை எண்ணாமல் நம்பிக்கை எவ்வழியே பாய்கிறது என்று கணக்கிட்டது. நன்கறிந்த சில கணக்குகளை ஊற்றாகக் கொண்டு, அவர்கள் சான்றளித்தவர், அவர்கள் சான்றளித்தவர் என்று நீர் போல் நம்பிக்கை பாயும், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கொள்ளளவு உண்டு. ஆயிரம் போலிக் கணக்குகள் ஒன்றுக்கொன்று சான்றளித்தாலும், மெய்யான ஒருவர் அவற்றுக்கு வாய்க்கால் வெட்டினால்தான் நீர் வரும், அதுவும் அந்த வாய்க்கால் தாங்கும் அளவே. குறை என்னவென்றால், ஊற்றுக்கு அருகில் யாரையும் தெரியாத திறமைசாலி வறண்டே கிடப்பார்.

டிஸ்கோர்ஸ் வேறு வழியை எடுத்தது. முதல் நிலைக்கு உயர அங்கே எவர் வாக்கும் தேவையில்லை. 5 தலைப்புகளைத் திறந்து, 30 இடுகைகளைப் படித்து, மொத்தம் 10 நிமிடம் செலவிட்டால் போதும். கேட்பவருக்கும் படிப்பவருக்கும் மதிப்புத் தரும் விதி. மேல்நிலைகளில் கண்டிப்பு உண்டு. மூன்றாம் நிலையில் இருப்பவர் கடந்த 100 நாட்களில் பாதி நாளாவது வந்திருக்க வேண்டும், இல்லையேல் நிலை இறங்கும். பத்தாண்டுக்கு முன் சம்பாதித்த பெயரை வைத்து இன்று அதிகாரம் செய்வதை இது தடுக்கிறது. நோயுற்றோ பிள்ளைப்பேற்றிலோ மூன்று மாதம் வராமல் இருந்தவரும் இறங்கிவிடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் உரிமையைக் காலத்தால் பறிக்காமல், பிறர் எழுத்தின் மீதுள்ள அதிகாரத்தை மட்டும் காலத்தோடு கட்டுவது நியாயமாகப் படுகிறது.

பெரும்பான்மைக்குப் பிடிக்காத உண்மை

வாக்கு தரத்தை அளக்கிறதா, உடன்பாட்டை அளக்கிறதா? ஒரு கருத்தோடு உடன்படவில்லை என்பதற்காக மட்டும் எதிர்வாக்கு இடாதீர் என்று ரெடிட்டின் நன்னடத்தைக் குறிப்பு கேட்டுக்கொள்கிறது. அதைப் பின்பற்றுவோர் சிலரே. பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரு பக்கம் இருந்தால், மீதி இருவர் எவ்வளவு பொறுப்பாக எழுதினாலும் புள்ளி இழப்பர், அத்தோடு பேசும் உரிமையையும் படிப்படியாக இழப்பர்.

இதற்கு அண்மையில் வந்த முயற்சி, 2021 இல் டுவிட்டர் பேர்ட்வாட்ச் என்ற பெயரில் தொடங்கி, 2022 இல் சமூகக் குறிப்புகள் எனப் பெயர் மாற்றப்பட்ட ஏற்பாடு. தவறான பதிவின் கீழ் உறுப்பினர்கள் விளக்கக் குறிப்பு எழுதுவர், பிறர் அது உதவியாக உள்ளதா என்று மதிப்பிடுவர். இங்கே வெறும் பெரும்பான்மை செல்லாது. முன்பு பல குறிப்புகளில் ஒருவரோடொருவர் முரண்பட்டவர்கள் இந்தக் குறிப்பில் ஒத்துப்போனால்தான் அது வெளியே காட்டப்படும். எழுதும் உரிமையும் அப்படியே. பிறர் குறிப்புகளைச் சரியாக மதிப்பிட்டு முதலில் பெயர் எடுக்க வேண்டும், எழுதியவை தொடர்ந்து உதவாதவை எனப்பட்டால் உரிமை தற்காலிகமாகப் போகும். கணக்கிடும் நிரலும் தரவும் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. இரு தரப்பும் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாத பொருளில் சரியான குறிப்பும் வெளிவராமலே தங்கிவிடும் என்பது இதன் பலவீனம்.

வாக்கிட்டவர் பெயரை மறைப்பதா காட்டுவதா

ஈபேயில் பெயர் தெரிந்ததால் பழிவாங்கல் வந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வாக்கிட்டவர் பெயர் தெரியாது, ஆனால் உறுப்பினர் தம் புள்ளி எந்த நாளில் எந்த இடுகையால் ஏறியது, இறங்கியது என்ற முழு வரவு செலவையும் பார்க்கலாம். ஒருவர் இன்னொருவரின் இடுகைகளைத் தேடித் தேடி வாக்கிட்டால் அதைக் கண்டறிந்து திருப்பி எடுக்கும் நிரலும் அங்கே ஓடுகிறது. திருப்பி எடுக்கப்பட்டதும் அதே வரவு செலவில் பதிவாகும். எதிர்வாக்குக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அங்கே இல்லை. புதிதாக எழுதியவர் −2 ஐப் பார்த்துவிட்டு, எழுத்தில் என்ன பிழை என்று கேட்க நினைத்தால், கேட்பதற்கு ஆள் இல்லை. ஸ்லாஷ்டாட் 1999 இலேயே வைத்திருந்த ஒற்றைச் சொல் காரணப் பட்டியல் இந்த இடத்தை நிரப்பக்கூடியது. வாக்கிட்டவர் பெயரை வெளியிடாமலேயே அதைச் செய்ய முடியும்.